போரிவலிக் காட்டில் ஒரு நாள் நடப்பது எப்படி

மும்பையில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் போரிவலி நேஷனல் பார்க்குக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலோர் போயிருப்பதாகவே சொல்வார்கள். ஊரிலிருந்து உறவினர் வந்த சமயத்தில் சஃபாரி வண்டியில் புலியையும் சிங்கத்தையும் பார்த்துவிட்டு, பேருந்தில் கன்ஹேரிக் குகைகளுக்கு ஏறி, படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பார்கள். அந்தப் புலியும் சிங்கமும் வேலிக்குள் வைத்து வளர்க்கப்படுபவை. வேலிக்கு அப்பால் இருக்கும் உண்மையான காட்டை, அதன் மரங்களுக்கிடையே காலால் நடந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அப்படி நடக்க விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பல முறை போய் வந்ததில் நான் கைக்கொண்டிருக்கும் முறை ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு பாதை, அதையும் நிதானமாக. சஃபாரி, படகு, குகை, நடைப்பாதை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினால் வரிசைகளில் நின்ற நினைவுதான் மிஞ்சும்.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது இதன் அரசாங்கப் பெயர். மும்பைப் புறநகர், தாணே ஆகிய இரு மாவட்டங்களிலும் விரிந்து, சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்பில், மூன்று பக்கமும் நகரம் நெருக்கி நிற்க இந்தக் காடு நிலைத்திருக்கிறது. இதன் நடுவே விஹார், துளசி என்று இரண்டு ஏரிகள் இருக்கின்றன. 1860இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியிலிருந்துதான் மும்பைக்கு முதன்முதலில் குழாய்வழிக் குடிநீர் வந்தது. துளசி ஏரி 1879இல் முடிந்தது. இன்றும் இவ்விரு ஏரிகளின் நீர் நகரக் குழாய்களில் ஓடுகிறது. மழைக்காலத்தில் விஹார் நிரம்பி வழியும் நீர் மித்தி ஆற்றில் சேர்ந்து, தாராவியை ஒட்டிச் சென்று, மாஹிமில் கடலில் கலக்கிறது. தாராவியில் மித்தியை ஒரு சாக்கடையாகவே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளை, அந்த ஆறு பிறக்கும் காட்டுக்கு ஒரு முறையாவது அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை.

எந்த நாள், எந்த வழி

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. கன்ஹேரிக் குகைகளும் அன்று திறப்பதில்லை. நடப்பதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் மிகவும் ஏற்றவை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால், விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வார நாளில் போவது நல்லது. முடியாதவர்கள், காலையில் பார்வையாளர்களுக்குக் கதவு திறக்கும் நேரத்திலேயே வாயிலில் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு பறவைகள் அடங்கிவிடுகின்றன. கடற்கரை நகரத்துப் புழுக்கமும் மரங்களுக்குள் இறங்கிவிடுகிறது.

தாராவியில் இருப்பவர்கள் மாஹிம் நிலையத்திலும், மாட்டுங்கா, சயான் பக்கத்தில் இருப்பவர்கள் தாதரிலும் மேற்கு ரயில்வேயின் போரிவலி லோக்கலைப் பிடிக்கலாம். போரிவலியில் கிழக்குப் பக்கம் இறங்கினால் பூங்காவின் முதன்மை வாயில் சிறிது தூரந்தான். ஆட்டோக்காரரிடம் நேஷனல் பார்க் என்று சொன்னால் போதும். செம்பூர், காட்கோபர், முலுண்டு பகுதிகளில் இருப்பவர்களுக்கு மெட்ரோ இன்னும் வசதி. காட்கோபரில் மெட்ரோ ஏறி வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே நிலையத்தில் இறங்கி, மேம்பால நடைபாதை வழியாகக் குந்தவலி நிலையத்துக்கு மாறி, தஹிசர் செல்லும் வண்டியில் ஏறினால், ராஷ்டிரிய உத்யான் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பேருந்துக்காகக் காத்துக்கிடந்த பழைய நாட்களை நினைத்தால் இது பெரிய வரம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மேற்கு ரயில்வேயின் ஜம்போ பிளாக் (பாதைப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் வண்டிகளைக் குறைப்பது) அறிவிப்பை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் போகும்போது சிக்கல் இருக்காது. திரும்பும் நேரத்தில்தான் வண்டிகள் குறையும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம் வேண்டும், அதுவும் எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பைகளையும் பொட்டலங்களையும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். முழுக்கால் உடை, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி, மண்ணோடும் இலையோடும் சேரும் மங்கிய நிறத் துணி ஆகியவை போதும். வாசனைத் திரவியம் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகாமல் நம்மால் வெளியே கிளம்ப முடியாது. அதில் தவறும் இல்லை. ஆனால் கன்ஹேரிப் படிகளிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் இருக்கும் குரங்குகள், கையில் தொங்கும் பை என்றாலே அது உணவு என்று பழகிவிட்டவை. ஒரு மாசி மாதக் காலையில் என் மாமியாரின் கையிலிருந்த துணிப்பையை ஒரு பெரிய ஆண் குரங்கு பறித்துக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது. சாதம் போனதில் வருத்தமில்லை. அவருடைய ரத்த அழுத்த மாத்திரை டப்பாவும் அந்தப் பைக்குள் இருந்தது. அன்றைய நடையை அங்கேயே நிறுத்திவிட்டு, மருந்துக்கடை தேடி போரிவலிக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து மாத்திரைகளை உடுப்பின் உள்பையிலும், உணவை முதுகில் மாட்டும் மூடிய பையில் டிஃபன் டப்பாவுக்குள்ளும்தான் வைக்கிறோம். குரங்கு பையைப் பிடித்துவிட்டால் இழுத்துப் பறிக்க முயலாமல் விட்டுவிடுங்கள். அதன் கடி ஆழமானது, கடிபட்டால் அன்றே ரேபீஸ் தடுப்பூசிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாவம் என்று எண்ணி அவற்றுக்கு வாழைப்பழம் கொடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பை பறிக்கும் பழக்கத்தை அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வாழைப்பழம்தான்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதல் முறை போகிறவர்களுக்கும், முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உடன் வரும் குடும்பங்களுக்கும், முதன்மை வாயிலிலிருந்து கன்ஹேரி வரை செல்லும் தார்ச்சாலையே போதும். ஆறேழு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலை கடைசிப் பகுதியில் செங்குத்தாக ஏறுகிறது. காலைப் பேருந்தில் மேலே போய்க் குகைகளைப் பார்த்துவிட்டு, இறங்கும் வழியை மட்டும் நடந்து வாருங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் விரும்பிய தூரத்துக்கு மட்டும் நடக்கலாம். வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். ஆனால் இறக்கத்தில் வேகமாக வந்து, வளைவில் மான் குறுக்கிட, கீழே விழுகிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கை வாயிலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

சாலையை விட்டு மண்பாதையில் நடக்க வேண்டுமானால் வனத்துறையின் அனுமதி வேண்டும், வழிகாட்டியும் உடன் வர வேண்டும். முதன்மை வாயிலுக்கு அருகில் இருக்கும் இயற்கைத் தகவல் மையத்தில் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். நான் முதலில் பரிந்துரைப்பது ஷிலோண்டா பாதையை. ஓடையை ஒட்டி, பெரிய ஏற்றம் இல்லாமல், மூங்கிலும் தேக்கும் கலந்த காட்டின் வழியே போகும் இந்தப் பாதையைப் பத்து வயதுப் பிள்ளைகள் எளிதாக நடந்துவிடுவார்கள். காட்டின் மிக உயரமான பகுதியான ஜாம்புல்மாலுக்கு ஏறும் பாதை வேறு வகை. அது விடியற்காலையில் தொடங்கி மூச்சு வாங்க ஏற வேண்டியது, வழக்கமாக மலையேறுகிறவர்களுக்கானது. உச்சியிலிருந்து பார்த்தால் ஏரிகளும் அவற்றைச் சுற்றிய பசுமையும், அதன் விளிம்பில் சுவர்போல் எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளும் ஒரே பார்வையில் தெரியும். தாணேயில் இருப்பவர்களுக்கு யேவூர் வாயில் அருகில் இருக்கிறது. அங்கும் அனுமதி முறை உண்டு.

வழிகாட்டி எதற்கு, பாதை தெளிவாகத்தானே தெரிகிறது என்று சிலர் கேட்கிறார்கள். வழி தவறாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல. வழிகாட்டிகளில் பலர் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வார்லி, மகாதேவ் கோலி பழங்குடியினரின் பாடாக்கள் எனப்படும் குடியிருப்புகள் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. நம் கண்ணில் படாதவை அவர்கள் கண்ணில் படும். ஒரு முறை ஷிலோண்டாப் பாதையில் முன்னால் போன இளைஞர் திடீரென்று கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. மரத்தின் உச்சியில் ஓர் அனுமன் குரங்கு, இருமுவது போன்ற கரகரத்த குரலில் ஒரே திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் எங்கோ ஒரு புள்ளிமானும் கூர்மையாக ஒலி எழுப்பியது. சிறுத்தை நகர்கிறது, அதைத்தான் இவை ஒன்றுக்கொன்று சொல்கின்றன என்று அவர் இந்தியில் மெல்லச் சொன்னார். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றோம். சிறுத்தையை நாங்கள் பார்க்கவில்லை. ஆனாலும், அது நடந்துபோன பாதையைக் குரலாலேயே கேட்ட அந்த ஐந்து நிமிடத்தை, சஃபாரி வண்டியின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பார்த்த எந்தக் காட்சியோடும் நான் ஒப்பிட மாட்டேன்.

எப்படி நடப்பது, எதைப் பார்ப்பது

ஒருவர் பின் ஒருவராக நடங்கள். குழந்தைகள் வரிசையின் நடுவில் இருக்கட்டும். கடைசியில் ஒரு பெரியவர் வர வேண்டும். செல்போனில் பாட்டு வேண்டாம். நூறடிக்கு ஒரு முறை நின்று, இருபது மூச்சு விடும் நேரம் பேசாமல் இருங்கள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். முதல் முறை நிற்கும்போது ஒன்றும் இருக்காது. மூன்றாவது முறை காடு நம்மை மறந்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கிவிடும். துடுப்புவால் கரிச்சான் கிளைகளுக்கிடையே தாவும். குளிர்காலமானால் வெள்ளை நாடா போன்ற வாலை இழுத்துக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் குறுக்கே பறக்கும். மழைக்காலத்தில் ஓடைப் பக்கம் ஒரு சிறுவன் சீட்டியடிப்பது போலக் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி.

மரங்களில் தேக்கு, கருங்காலி, இலவு, புரசு, கடம்பு எல்லாம் நம் ஊரிலும் இருப்பவைதான். தாத்தா பாட்டியை உடன் அழைத்துப் போனால் அவர்களே பெயர் சொல்லுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் தேக்கிலைகள் நரம்பு மட்டும் மிஞ்சி, சல்லடைத் துணிபோல் நிற்பதைப் பார்த்து, மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு தின்ற மிச்சம். அப்படி ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பெருநரம்பு, கிளைநரம்பு, அவற்றை இணைக்கும் மயிரிழை நரம்பு எல்லாம் பின்னல் வேலைபோல் தெரியும். மரம் அடுத்த பருவத்தில் வழக்கம்போல் துளிர்த்துவிடும். இதே மாதங்களில் பாதையின் குறுக்கே முக உயரத்தில் பெரிய மரச்சிலந்திகள் வலை கட்டியிருக்கும். அதன் இழை வெயிலில் பொன்னிறமாக மின்னும், விரலால் தொட்டால் தையல் நூல்போல் உறுதியாக எதிர்க்கும். வலையை அறுக்காமல் குனிந்து போங்கள்.

சரிவுகள் முழுவதும் ஆளுயரத்துக்கு நெருக்கமாக நிற்கும் புதர் கார்வி. இது நம் நீலக்குறிஞ்சியின் நெருங்கிய உறவு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது போல, கார்வி எட்டு ஆண்டுக்கு ஒரு முறை மழைக்காலக் கடைசியில் மலைச்சரிவையே ஊதாவாக்கிவிட்டு, விதைத்து, மடிந்துபோகும். இந்தக் காட்டில் 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2032. பூக்காத ஆண்டுகளிலும் இதைக் கவனியுங்கள். இதன் நேரான தண்டுகளை வரிசையாகக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசித்தான் வார்லிக் குடில்களின் சுவர் எழுப்பப்பட்டது.

சிறுத்தையும் பாம்பும்

அச்சமூட்டுவதற்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டியது என்பதால் சொல்கிறேன். தானியங்கிக் கேமராக்களை வைத்து எடுத்த கணக்குகளின்படி, இந்தக் காட்டிலும் சுற்றுப்புறத்திலும் ஐம்பது அளவில் சிறுத்தைகள் வாழ்கின்றன. இவ்வளவு பெரிய நகரத்துக்குள் இவ்வளவு நெருக்கமாகச் சிறுத்தைகள் வாழும் இடம் உலகில் அரிது. அவை பெரும்பாலும் இரவில் நடமாடுபவை, மனிதரைத் தவிர்ப்பவை. பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாகோபா என்று அதைத் தெய்வமாக வணங்கி, அதன் அருகிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். பகலில் கூட்டமாக நடக்கும்போது எதிர்ப்படுவது அபூர்வம். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். அது நெருங்கினால் மட்டும் உரக்கக் குரல் கொடுங்கள். படம் எடுப்பதற்காகச் சூழ்ந்து நிற்பதுதான் உண்மையான ஆபத்து. மாலை மங்குமுன் காட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். குழந்தைகளைத் தனியாகப் புதர் மறைவுக்கு அனுப்பக் கூடாது. மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண்ணான 1926ஐச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் ஆகியவை இங்கு உண்டு. மூங்கில் புதர்களில் பச்சை நிறக் குழிவிரியனும் உண்டு. கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வைத்தாலே போதும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும், கீறி ரத்தம் எடுப்பதும் கேட்டையே பெருக்கும். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

கன்ஹேரியில் நீரைத் தேடுங்கள்

குகைகளுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு தனியாக வாங்க வேண்டும். கிருஷ்ணகிரி, அதாவது கரிய மலை என்ற பெயரே மருவிக் கன்ஹேரி ஆயிற்று. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து மும்பைக்கு வந்தவர்கள் இதைக் கேட்டதும் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கரும்பாறையைக் குடைந்து, பௌத்தத் துறவிகளுக்காக, சுமார் ஆயிரம் ஆண்டு காலம் உருவான நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இங்கு இருக்கின்றன. எல்லோரும் மூன்றாம் எண் குகையின் பெரிய சைத்தியத்தையும் (வழிபாட்டு மண்டபம்), அதன் முன்கூடத்து இரு பக்கமும் நிற்கும் நெடிய புத்தர் உருவங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் தங்கி, மேலே உள்ள சிறு குகைகளின் வாசலருகே பாருங்கள். அங்கே பாறையில் குடைந்த நீர்த்தொட்டி இருக்கும். கூரைக்கு மேல் விரற்கடை ஆழத்தில் வெட்டிய வாய்க்கால்கள் மழைநீரை வழிநடத்தி அதில் சேர்க்கும். மழை நின்ற பிறகு போனால், அவற்றில் பல இன்றும் நிறைந்து நிற்பதைக் காணலாம். கூரையில் விழும் மழையைச் சேமிக்க வேண்டும் என்று நாம் இப்போது பேசுகிறோம்; அந்தத் துறவிகள் அதைக் கல்லில் வெட்டிவைத்துவிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். தொண்ணூறாம் எண் குகையில் 1009, 1021ஆம் ஆண்டுகளில் இங்கு வந்த பாரசீகர்கள் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றையும் தேடிப் பாருங்கள். சுவரைக் கையால் தொட வேண்டாம்.

மழைக்காலத்தில் இங்குள்ள ஓடைகளும் அருவிகளும் மிக அழகானவை, மிக ஆபத்தானவையும் அவைதான். பாசி படிந்த கரும்பாறையில் எந்தச் செருப்பும் பிடிக்காது. ஓர் ஆவணி மாதத்தில் கணுக்கால் அளவு நீரில் ஓடையைக் கடந்தோம். மேலே எங்கோ பெய்த மழையால், கால் மணி நேரத்தில் அதே இடம் முழங்காலுக்கு மேல் செந்நீராக ஓடியது. வழிகாட்டி எங்களைத் திரும்பக் கடக்கவிடாமல், நீர் வடியும்வரை கரையிலேயே உட்கார வைத்தார். ஒன்றரை மணி நேரம் நனைந்தபடி காத்திருந்தோம்; அது சரியான முடிவு. மழை மாதங்களில் சில பாதைகளை மூடிவைப்பார்கள், மூடியிருந்தால் கெஞ்சாதீர்கள்.

திரும்பும் வழியில் பழங்குடிப் பெண்கள் வெள்ளரிக்காய், மாங்காய், களாக்காய், நாவல் என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைக் கூடையில் வைத்து விற்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், நம் டப்பாவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயிலை அடைவதற்கு முன் ஓர் இடத்தில் உட்கார்ந்து, காலுறையிலும் புடவைக் கரையிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுப்புல் விதைகளைப் பிடுங்கிக் காட்டு மண்ணிலேயே போட்டுவிடுங்கள். பிள்ளைகளின் கழுத்து, காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ரயிலுக்குக் கிளம்பலாம்.